குட்டி போட்டவைதான் விழுந்தன

அந்தப் பெண் பொய் சொல்கிறார் என்று இரண்டு கிழமை நம்பிக்கொண்டிருந்தேன். வாய்விட்டு ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் நான் கேள்வி கேட்ட விதத்திலேயே அவருக்கு அது விளங்கிவிட்டது என்று பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

நான் மிருக வைத்தியர். வீடு மன்னார்த் தீவில். வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலப்பரப்பில். எங்கள் வீட்டில் எல்லோரும் கடலை நம்பி வாழ்ந்தவர்கள். ஆடு மாட்டைப் பற்றி நான் படித்ததெல்லாம் பல்கலைக்கழகத்தில்தான். அதனால் ஆரம்பத்திலிருந்தே எனக்குப் புத்தகத்தில் நம்பிக்கை அதிகம். ஆடு வளர்ப்பவர்கள் சொல்வதைக் கேட்பேன், தலையாட்டுவேன், பிறகு எனக்குத் தெரிந்ததைச் செய்வேன்.

அந்தப் பெண்ணின் ஊர் வெள்ளாங்குளத்துக்குப் போகும் வழியில், வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு குடியேற்றம். அவருடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அவர் பிறந்தது இங்கேதான். என் வயது இருக்கும், முப்பத்தைந்துக்குள். கணவர் வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் கூலியாகப் போவார். வீட்டோடு இருந்த பதினெட்டு ஆடுகளும் அவருடைய பொறுப்பு. வன்னியில் பிறந்து வளர்ந்தாலும் வீட்டில் பேசிய மலையகத் தமிழ் அவர் நாக்கை விட்டுப் போகவில்லை.

அந்த வருடம் மாரி நன்றாகப் பெய்தது. மழை ஓய்ந்து தை பிறந்தபோது அவர் எங்கள் மிருக வைத்தியக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார். குட்டி போட்ட ஆடுகள் மூன்று தள்ளாடுகின்றன, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குகிறது என்றார். நானும் எங்கள் கள உத்தியோகத்தரும் போனோம். கள உத்தியோகத்தர் வங்காலை ஊரைச் சேர்ந்தவர், வேலையில் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர். பார்த்தவுடனே இருவருக்கும் நோய் தெரிந்துவிட்டது. குடற்புழு. அதிலும் இரத்தம் உறிஞ்சும் வகை. எல்லா ஆடுகளுக்கும் பூச்சி மருந்து பருக்கினோம். பத்து நாள் கழித்து இரண்டாம் முறை கொடுக்கும்படி சொல்லி ஒரு போத்தலை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தோம்.

மாதம் முடிய முன்னர் அவரே பேருந்து பிடித்துக் கந்தோருக்கு வந்து நின்றார். இரண்டு ஆடுகள் செத்துவிட்டன. இன்னும் நாலு விழப்போகின்றன.

“ரெண்டாந்தரம் மருந்து குடுத்தனீங்களோ?” என்று கேட்டேன்.

“குடுத்தேன் டொக்டரம்மா.”

“எல்லாத்துக்குமோ?”

“எல்லாத்துக்குந்தாங்க.”

“நான் சொன்ன அளவு? தண்ணி ஒண்டும் கலக்கேல்லையோ?”

“தண்ணி எதுக்குங்க கலக்கணும்?” என்றார்.

கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. வேறொரு மருந்தைக் கொடுத்து, அடுத்த கிழமை கட்டாயம் வாறன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் போனதும் கள உத்தியோகத்தர், “மிஸ், அந்தப் பக்கத்துச் சனம் மருந்தை வித்துப்போடும். போத்தல் குடுக்கிறது வீண்,” என்றார். நான் அவரைக் கண்டித்திருக்க வேண்டும். கண்டிக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. அதே மருந்தை அதே கிழமையில் தீவில் எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். அவரிடம் தண்ணி கலந்தாரா என்று நான் கேட்கவேயில்லை. இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க இரண்டு கிழமை எடுத்தது.

அந்த நாட்களில் எனக்கு ஐந்து மாதம். முதல் பிள்ளை. என் உடம்பைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வருடத்தில் ஆடுகளைப் பற்றி நான் கற்றதும் என்னைப் பற்றிக் கற்றதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் வந்தன.

நாலு வருடமாக எனக்கு மூட்டுவாதம். வயதானவர்களுக்கு வரும் தேய்மானம் இல்லை இது. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் மாறி என் மூட்டுகளையே எதிர்க்கும் நோய். காலையில் எழும்பினால் விரல்கள் மடங்காது. சட்டைப் பொத்தானைப் பூட்ட அரை மணித்தியாலம் போகும். மாட்டின் நாளத்தில் ஊசி ஏற்றும் நாட்களில் வீட்டிலிருந்தே சுடுதண்ணீரில் கையை ஊறவைத்துவிட்டுத்தான் புறப்படுவேன். பிள்ளை வேண்டும் என்று தீர்மானித்தபோது, யாழ்ப்பாணத்தில் என்னைப் பார்த்த வாத நோய் வைத்தியர் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாத மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தினார். கை இனிப் பாறையாகிவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன்.

நடந்தது நேர்மாறு. நாலாம் மாதம் முடியும்போது ஒரு காலை எழும்பிப் பல்துலக்கி, தலை பின்னி, தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்து முடித்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது, கை நோகவில்லை என்று. இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன். மூடிப் பார்த்தேன். கணவரைக் கூப்பிட்டு அவர் விரலை நெரித்துக் காட்டினேன்.

“ஐயோ, விடும்! நோகுது,” என்றார்.

“நோகட்டும்,” என்று சொல்லி இன்னும் நெரித்தேன். இருவரும் சிரித்தோம்.

காரணம் எனக்குத் தெரியும். வயிற்றில் வளரும் பிள்ளை பாதி நான், பாதி என் கணவர். அந்தப் பாதி என் உடம்புக்கு அந்நியம். அதைத் தாக்காமல் இருக்க, கர்ப்ப காலத்தில் உடம்பு தன் காவலின் போக்கையே மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றத்தில் பலருக்கு என் நோய் மாதிரியான நோய்கள் தணிந்துவிடும். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை, எனக்கு வாய்த்தது. நான் அதை ஒரு விடுமுறை மாதிரி அனுபவித்தேன். வாகனத்தின் பின்கதவை நானே தூக்கித் திறந்தேன். மாமரத்துக்குக் கீழே கட்டிவைத்த கன்றுகளுக்கு நானே ஊசி போட்டேன். இவ்வளவும் தெரிந்த எனக்கு, குட்டி சுமக்கும் ஆட்டின் உடம்பும் தன் காவலை மாற்றுமே என்பது மட்டும் தோன்றவேயில்லை.

சொன்னபடி அடுத்த கிழமை போகவில்லை. அதற்கும் அடுத்த கிழமைதான் போனேன். அன்று காலைதான் ஓர் ஆடு செத்திருந்தது. அவர் அதைப் புதைக்காமல், சாக்கால் மூடி எனக்காக வைத்திருந்தார். நான் மரநிழலில் குந்தியிருந்து அறுத்தேன். நான்காம் இரைப்பையைத் திறந்தபோது உட்சுவர் முழுவதும் தலைமயிர் போன்ற மெல்லிய புழுக்கள் சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கி நெளிந்தன. வெள்ளை புழுவின் உடம்பு. சிவப்பு ஆட்டின் இரத்தம். மருந்து கொடுத்து இரண்டு கிழமையே ஆன ஓர் ஆட்டின் வயிற்றில் இத்தனை இருக்கக் கூடாது.

கள உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய் மூன்று போத்தல்களைக் கொண்டுவந்து என் முன்னால் மண்ணில் வைத்தார். முதல் தடவை நாங்கள் அங்கேயே முடித்த வெறும் போத்தலையும் கழுவி வைத்திருந்தார். மற்ற இரண்டிலும் சிறிதளவு மருந்து மிச்சம் இருந்தது. அந்தந்த நேரம் உயிரோடிருந்த ஆடுகள் எல்லாவற்றுக்கும் அளந்து கொடுத்தால் எவ்வளவு மிஞ்ச வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவு.

“பொய் சொல்லி நான் என்னத்தங்க காணப்போறேன்? சாகிறது எங்க ஆடுதானே,” என்றார். கோபம் குரலில் இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

நான் எழும்பிக் கையை நீட்டினேன். கையைக் கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர் கேட்டார்: “டொக்டரம்மா, எனக்கு ஒண்ணு வெளங்கல. கெடாவும் இதே குளத்துப் பக்கந்தான் மேயுது. அதே புல்லு, அதே தண்ணி. அது மட்டும் ஏன் நல்லாருக்கு?”

“கிடாய் பலமான சாதி,” என்றார் கள உத்தியோகத்தர்.

“சரிங்க. மலட்டாடு ரெண்டு இருக்கே? அதுகளும் அங்கதான் மேயுது. அதுகளுக்கும் ஒண்ணுமில்ல. குட்டி போட்டதுதான் விழுது. அதுலயும் ரெட்டக்குட்டி போட்டதுதான் மொதல்ல விழுது. நானும் ரெண்டு வருஷமா பாக்கிறேன்.”

கை கழுவுவதை நிறுத்திவிட்டேன். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. ஈனும் காலத்தை அண்டித் தாயின் சாணியில் புழு முட்டை கூடும் என்று. பரீட்சைக்கு எழுதினேன், புள்ளி எடுத்தேன், மறந்தேன். அந்த ஒரு வரியை இந்தப் பெண் இரண்டு வருடம் தன் பட்டியில் நின்று கண்டுபிடித்து வைத்திருந்தார். நான் அவரிடம் தண்ணி கலந்தீரா என்று கேட்டிருந்தேன்.

“ஒவ்வொரு ஆட்டின்ர புழுக்கையையும் தனித்தனியா எனக்கு எடுத்துத் தாறீங்களோ? எது எந்த ஆட்டின்ரை எண்டு உங்களாலை சொல்ல முடியுமோ?” என்று கேட்டேன்.

“ஏன் முடியாது?” என்றார்.

ஆடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் சின்னப் பொலித்தீன் பைகளில் எழுதினேன். கிடாய். மலடு, காது கிழிந்தது. மலடு, கறுப்பு. ஒற்றைக்குட்டி, வெள்ளைக் கால். இரட்டைக்குட்டி, செவலை. சினை, இன்னும் ஈனாதது. ஒரு பிசகில்லாமல் சொன்னார். எந்த ஆடு என்றைக்கு ஈன்றது, எதன் குட்டி பால் குடிக்கச் சண்டை பிடிக்கும், எது குளக்கரையை விட்டு அசையாது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் காலையில் கந்தோரில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருந்தேன். உப்புக் கரைசலில் கரைத்து, வடித்து, கண்ணாடித் தகட்டில் விட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நோவில்லாத கையால் அந்த வேலையைச் செய்வதே ஒரு சுகம். கிடாயின் தகட்டில் தேடித்தான் ஒன்றிரண்டு முட்டை கண்டேன். மலட்டு ஆடுகளும் அப்படித்தான். ஈனப்போகும் சினை ஆட்டில் நிறைய இருந்தன. ஒற்றைக்குட்டிக்காரிகளில் அதைவிட அதிகம். செவலையின் தகட்டை வைத்தபோது எண்ண ஆரம்பித்து, நடுவில் கணக்கு விட்டுப்போய், மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. கள உத்தியோகத்தரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

“மனுசி சொன்னது சரிதான் மிஸ்,” என்றார்.

“ஓம். எங்கடை வாய்தான் பிழை,” என்றேன். அதற்குப் பிறகு அந்த மாதிரிப் பேச்சு அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நான் மட்டும் சாரதியோடு போனேன். அந்தப் பெண் முற்றத்தில் ஆடுகள் கடிக்க இலைக்குழை கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். இறங்கியதும் முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

“நான் உங்களை நம்பேல்லை. அது என்ரை பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அவர் குழையைக் கீழே வைத்தார். “தெரியுங்க,” என்றார். “நீங்க தண்ணி கலந்தியான்னு கேட்டப்பவே தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லி அழுதேன்.” பிறகு, “தேத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்றார்.

அந்தத் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே எனக்குத் தெரிந்ததை அவருக்கு விளங்கப்படுத்தினேன். ஆட்டின் குடலில் புழுவை அடக்கிவைக்க ஒரு காவல் இருக்கிறது. புத்தகத்தில் அதை நிர்ப்பீடனம் என்போம். அந்தக் காவலுக்கும் சாப்பாடு வேண்டும், அதுவும் சத்தான சாப்பாடு. ஆடு சினையாகிக் கடைசி மாதத்துக்கு வந்ததும் சாப்பிடுகிற சத்தை முதலில் வயிற்றுக் குட்டி எடுக்கும். ஈன்ற பிறகு மடி எடுக்கும். இரட்டைக்குட்டி என்றால் இரண்டு மடங்கு பால். உடம்பில் ஓடுகிற சுரப்புகளும் அந்த நேரத்தில் மாறிப்போகும். எல்லாம் சேர்ந்து குடற்காவல் தளர்ந்துவிடும். அடங்கிக் கிடந்த புழு எழும்பி முட்டை இட ஆரம்பிக்கும். ஆடு பட்டியிலும் குளக்கரைப் புல்லிலும் புழுக்கை போடும். மழை ஈரத்தில் ஒரு கிழமைக்குள் முட்டை பொரித்துப் புல்லில் ஏறும். அதைத் தாயும் தின்னும், புழுவை எதிர்க்கவே இன்னும் பழகாத குட்டியும் தின்னும்.

“அப்ப மருந்து?”

“மருந்து உள்ளுக்கை இருந்த புழுவைச் சாகடிச்சது. நீங்கள் சரியாத்தான் குடுத்திருக்கிறீங்கள். ஆனால் அடுத்த நாளே ஆடு அதே கரையிலை மேஞ்சு திரும்பவும் புழுவை எடுத்திருக்கு. தடுக்கிறதுக்கு உடம்பிலை பலமில்லை. மருந்துக்குச் சாகாத புழுவும் கொஞ்சம் இருக்கும்போலை.”

அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “எங்களுக்கும் அப்படித்தானேங்க,” என்றார். “ரெண்டாவது புள்ளைக்குப் பால் குடுத்த வருஷம் எனக்குக் காச்சல் விடவே இல்ல. ஒண்ணு போனா இன்னொண்ணு.” என் வயிற்றைப் பார்த்தார். “நீங்க நல்லா சாப்பிடுங்க.”

அன்று இருவரும் சேர்ந்து ஒரு ஒழுங்கைத் தீர்மானித்தோம். நான் புத்தகத்திலிருந்ததைச் சொன்னேன். அவர் தன் இடத்துக்கு ஏற்றபடி அதை வெட்டிக் கொத்தித் திருத்தினார். ஈன்ற ஆடுகளைக் குளக்கரைக்கு விடக்கூடாது, மேட்டுக்காட்டில் செடி கடிக்க விட வேண்டும். சினையாடுகளுக்குக் கடைசி ஒன்றரை மாதமும், பால் கொடுக்கும் முதல் இரண்டு மாதமும் மேலதிகத் தீனி. புண்ணாக்கு கொடுக்கலாம் என்றேன். முடிந்தபோதுதான் வாங்கலாம், வேலியில் நிற்கிற சீமைக்கிளுவை போதாதா என்று கேட்டார். போதும், அந்தக் குழையில் நல்ல சத்து இருக்கிறது என்றேன். வேலி முழுக்க இருந்ததை அதுவரை அவர் அடைப்புக்கு மட்டும்தான் பயன்படுத்தியிருந்தார்.

மருந்தையும் இனி எல்லா ஆட்டுக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டின் கீழ்க் கண்மடலைப் பெருவிரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். உட்பக்கம் சிவப்பாக இருந்தால் விட்டுவிடலாம். வெளிறியிருந்தால் அந்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. காரணத்தையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் கொடுத்துக்கொண்டே போனால் மருந்துக்குச் சாகாத புழு மட்டுமே பட்டியில் மிஞ்சும். பிடித்துக் காட்டினேன். இரண்டாவது ஆட்டிலேயே அவர் என்னைவிட விரைவாகப் பார்த்தார்.

அந்த மாரியில் மொத்தம் நாலு ஆடுகள் போயின. ஒழுங்கு தொடங்கிய பிறகு செத்தது ஒன்று. செவலை. எழும்ப முடியாத அளவுக்கு அது முன்பே வெளிறியிருந்தது. அதன் இரண்டு குட்டிகளையும் அவர் போத்தல் பால் பருக்கி வளர்த்தெடுத்தார்.

சித்திரை முடியும்போது எனக்கு மகள் பிறந்தாள். சுகமான பேறு. மூன்று கிலோவுக்கு மேல் இருந்தாள், நன்றாகப் பால் குடித்தாள். இரண்டு மாதம் எனக்கு உலகத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. பிறகு ஒரு காலை, அழுத பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினேன். மணிக்கட்டு மடங்கவில்லை. விரல்கள் நாலும் வீங்கியிருந்தன. முழங்கையைக் கொடுத்து அவளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன்.

பேறு முடிந்த சில மாதத்தில் நோய் திரும்பிவரும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். உடம்பு தன் காவலைப் பழையபடி நிறுத்தும்போது பழைய பிழையும் கூடவே வரும். தெரிந்திருந்தும் நான் அவரிடம் போகவில்லை. மாத்திரை தொடங்கினால் பாலை நிறுத்தச் சொல்வார்கள் என்று நானே முடிவு செய்திருந்தேன். ஒரு வருடமாவது பால் கொடுக்க வேண்டும் என்று மனதில் ஒரு பிடிவாதம். பிள்ளையின் சட்டைப் பொத்தானை என் கணவர் பூட்டினார். தோடம்பழத்தை அவர் உரித்துத் தந்தார். “நீர் ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டும்,” என்று மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும், “பாப்பம்,” என்றேன்.

விடுப்பு முடிந்து கந்தோருக்குப் போகத் தொடங்கிய கிழமை. சோளகக் காற்று வீசி முற்றமெல்லாம் புழுதி. ஆட்டுக்காரப் பெண் வந்தார். ஒரு குட்டிக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது, மருந்து வேண்டும் என்றார். நான் அலுமாரியைத் திறந்து மருந்தை எடுத்தேன். மூடி திறபடவில்லை. மற்றக் கையால் முயன்றேன். அவர் எழும்பி வந்து போத்தலை என் கையிலிருந்து எடுத்து, ஒரு திருகில் திறந்து, மேசையில் வைத்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார்.

“எப்பவிருந்து?”

“ஒரு மாதம்.”

“மருந்து எடுக்கலியா?”

பால் விஷயத்தைச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

“பெரிய டொக்டர் அப்படிச் சொன்னாரா?”

“இல்லை. நான்தான்...”

“நீங்கதானா சொன்னது?” அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. “ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆட்டுக் கண்ணப் பாருன்னு எனக்குச் சொல்லித்தாறீங்க. வெளுத்தா அன்னைக்கே மருந்து குடுன்னு சொல்றீங்க. உங்க கைய நீங்களே பாக்கிறதில்லையா? கேக்காமலே இவ்வளவு நாளு நோவத் தாங்கிட்டு இருந்திருக்கீங்க!”

கள உத்தியோகத்தர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. அடுத்த கிளினிக் நாளிலேயே யாழ்ப்பாணம் போனேன். வைத்தியர் என் கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மாத்திரை இருக்கிறது, ஏன் இவ்வளவு நாள் பிந்தி வந்தீர்கள் என்று கேட்டார். மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. ஆவணி கடந்து புரட்டாதியில்தான் பொத்தான் பூட்ட முடிந்தது. மகள் ஒன்றேகால் வயதுவரை பால் குடித்தாள்.

என் கதையும் ஆட்டின் கதையும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்டின் காவல் ஈனும் காலத்தில் தளர்ந்து, புழுவுக்கு வழிவிட்டது. என் காவல் கர்ப்பத்தில் அடங்கி, எனக்குச் சுகம் தந்தது. பேறு முடிந்ததும் எழும்பிவந்து என் மூட்டைக் கடித்தது. பலன் நேரெதிர். ஆனால் அடியில் இருப்பது ஒன்றுதான். உடம்பில் காவல் என்று ஒன்று தனியாக, மற்ற எதையும் பொருட்படுத்தாமல் நிற்பதில்லை. பிள்ளை சுமப்பது, பால் சுரப்பது, சாப்பாடு, உறக்கம், வெயில் எல்லாவற்றோடும் அது நாள் முழுக்கப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறது. இதை இன்று நான் எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொல்வேன். நோயுள்ள மிருகத்தைப் பார்க்கப் போனால் நோயைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், அது சினையா, ஈன்று எத்தனை நாள், எத்தனை குட்டி, என்ன தின்கிறது என்று கேட்கிறேன். நான் நல்ல வைத்தியரானது அந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான்.

அடுத்த மாரி வந்தது. கார்த்திகையிலேயே அந்தப் பெண் சினையாடுகளைப் பிரித்துத் தனியே அடைத்துவிட்டார். காலையில் சீமைக்கிளுவை, மாலையில் தவிடு, முடிந்த நாட்களில் புண்ணாக்கு. ஈன்றவை மேட்டுக்காட்டை விட்டு இறங்கவில்லை. தையில் ஒரு ஞாயிறு தொலைபேசி எடுத்தார்.

“டொக்டரம்மா, வெள்ளக்காலுக்கு ரெட்டக்குட்டி. கண்ணு வெளுக்குது. போன ஞாயிறு இப்படி இல்ல. மருந்து குடுத்துட்டேன், சொல்லணும்னுதான் எடுத்தேன்.”

“நல்ல வேலை செய்தனீங்கள். நாளைக்கு வாறன்.”

போனபோது அது எழும்பி நின்று தின்றுகொண்டிருந்தது. கண்மடலை இழுத்துப் பார்த்தேன், வெளிறல் அப்படியேதான் இருந்தது. இரத்தம் ஊற நாள் எடுக்கும். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. அந்தப் பருவத்தில் குட்டி ஈன்ற ஆடு ஒன்றுகூடப் புழுவால் சாகவில்லை. பாம்பு கடித்து ஒன்று செத்தது. இரண்டு குட்டிகள் பிறந்த அன்றே குளிரில் போயின. மற்றதெல்லாம் நின்றன. சாணியைக் கொண்டுவந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். இரட்டைக்குட்டிக்காரிகளில் முட்டை இருக்கத்தான் செய்தது, ஆனால் இந்த முறை கணக்கு விட்டுப்போகாமல் எண்ணி முடித்தேன்.

மாசியில் அதே குடியேற்றத்தில் ஒரு கூட்டம் வைத்தோம். நான் பேசுவதாக ஏற்பாடு. பத்து நிமிடம் நிர்ப்பீடனத்தைப் பற்றிப் பேசினேன். பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்குக் கொட்டாவி வந்தது. பிறகு அவரை முன்னால் வரச் சொன்னேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்து, கால்களுக்கிடையில் இடுக்கி, கண்மடலைத் திருப்பிக் காட்டி, “குட்டி போட்ட ஆட்டுக்குத்தான் மொதல்ல தீனி. கெடாவுக்குக் கடைசியா போடுங்க, அது சாகாது,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் நின்ற அவருடைய கணவரும் சிரித்தார். அரை மணித்தியாலம் கேள்வி மேல் கேள்வி. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்து நான் வாகனத்தில் ஏறும்போது அவர் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னொண்ணு கேக்கணும். அடைக்கு உக்காந்திருக்கிற கோழிக்குத் தடுப்பூசி போட்டா, மத்தக் கோழிக்கு மாதிரி பிடிக்குமா? அது சரியாத் தின்றதே இல்லையே.”

எனக்கு விடை தெரியவில்லை. ஊகித்து ஏதாவது சொல்லியிருக்கலாம். “தெரியேல்லை,” என்றேன். “உங்கட்டை எத்தனை கோழி அடையிலை இருக்கு?”

“மூணு.”

“வாற கிழமை ஊசியோட வாறன். அடையிலை இருக்கிறதுக்கும் இல்லாததுக்கும் போட்டு, பிறகு இரத்தம் எடுத்துப் பாப்பம்.”

“வாங்க,” என்றார். “சேவலுக்கும் சேத்துக் கொண்டாங்க.”